மகிழ்ச்சி, 91 சதவீதம்

இருபத்தேழு வருடமாக உளவியல் பாடம் நடத்துகிறேன். அதில் ஒரு பொய்யை மட்டும் வருடம் தவறாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும்.

பிளஸ் டூ உளவியலில் செய்முறைத் தேர்வு உண்டு. ஒரு பிள்ளை சோதனை நடத்தும், இன்னொரு பிள்ளை சோதனைக்கு உட்காரும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைவது, சொற்களைப் பார்த்துவிட்டு ஞாபகமாக ஒப்பிப்பது என்று மொத்தம் பத்துச் சோதனைகள். ஒவ்வொன்றும் முடிந்ததும் உட்கார்ந்த பிள்ளை தன் மனதில் என்ன ஓடியது என்று நாலு வரி எழுத வேண்டும். அதற்கு அகநோக்கு அறிக்கை என்று பெயர். ரெக்கார்டு நோட்டில் அதற்கென்றே தனிப் பக்கம்.

அந்தப் பக்கத்துக்கு நான் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். "சோதனை எளிமையாக இருந்தது. மகிழ்ச்சியுடன் செய்தேன். இதுபோன்ற சோதனைகளில் மீண்டும் பங்கேற்க விரும்புகிறேன்." நாற்பது பிள்ளைகளும் நாற்பது நோட்டில் இறக்கிவிடும். காய்ச்சலோடு வந்தவளும் மகிழ்ச்சியுடன் செய்தாள். அப்பாவுக்குக் காரியம் முடிந்த மறுநாள் வந்தவளும் மகிழ்ச்சியுடன் செய்தாள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வடை சாப்பிடப் போவார். கடைசிப் பத்து வருடம் நோட்டுப் போய்க் கணினி வந்தது, விரலில் ஒரு கிளிப் மாட்டி நாடித்துடிப்பையும் வியர்வையையும் கூடவே பதிந்தார்கள். அறிக்கை மட்டும் அதே மூன்று வரிதான்.

2043-இல் பாடத்திட்டத்தைப் புதுப்பித்தார்கள். ஈரோட்டில் இரண்டு நாள் பயிற்சி. பாடத்திட்டக் குழுவிலிருந்து வந்து எங்களுக்கு விளக்கியவள் நிரஞ்சனா, என்னிடம் படித்த பெண். இப்போது முனைவர் பட்டம், கண்ணாடி, நரைத்த ஒரு கற்றை முடி. மேசைமேல் நெற்றியில் கட்டும் துணிப்பட்டை ஒன்றை வைத்தாள்.

"இதுக்குப் பேரு அகமானி. கட்டிக்கிட்டவங்க மனசுல என்ன உணர்ச்சி இருக்குதுன்னு திரையில பேரும் சதவீதமும் காட்டும். சோதனை நடத்துற பொண்ணு, உக்காந்திருக்கிற பொண்ணைக் கவனிச்சு, பேசி, அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு எழுதணும். அகமானி சொல்றதுக்கும் இவ எழுதினதுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதை வச்சு மார்க். வித்தியாசம் நாப்பதுக்கு மேல போனா செய்முறையில ஃபெயில்."

டீ இடைவேளையில் என்னிடம் வந்து, "இனிமே யாரும் கதை எழுத முடியாதுங்க டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு கெட்ட பழக்கத்தை நானாக விடவில்லை, அரசாங்கமே பிடுங்கிப் போட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் மாதிரித் தேர்வு வைத்தேன். சஷ்மிதா என்று ஒருத்தி. வகுப்பில் முதல் மாணவி எல்லாம் இல்லை, படம் வரைந்தால் கோணல், கையெழுத்து அதைவிட. ஆனால் எதிரில் இருப்பவரைக் கண் எடுக்காமல் பார்ப்பாள். கோவையில் மனநலச் செவிலியர் படிப்புக்கு நேர்காணலில் தேறி இடம் வாங்கிவைத்திருந்தாள். ஒரே நிபந்தனை, பிளஸ் டூ உளவியலில் செய்முறையும் சேர்த்துத் தேற வேண்டும். அவளுக்கு உட்கார்ந்தவள் பிளஸ் ஒன் படிக்கும் இலக்கியா. பொதுத்தேர்விலும் இதே ஜோடிதான் என்று பெயர் அனுப்பியாகிவிட்டது.

கண்ணாடிச் சோதனை முடிந்தது. சஷ்மிதா எழுதியிருந்தாள்: "பயம். கை ஆறு தடவை நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும்தான் மூச்சை விட்டாள்."

அகமானித் திரையில்: மகிழ்ச்சி, 91 சதவீதம். வித்தியாசம் எழுபத்தெட்டு.

"ஏ புள்ள, என்ன எழுதியிருக்கே? மெஷின் மகிழ்ச்சிங்குது, நீ பயம்ங்கறே."

"அவ பயந்துதானுங்க டீச்சர் இருந்தா. நான் பாத்தேன்."

"நீ பாத்தா ஆச்சா? நாடி, வியர்வை, மூளைக்குள்ள ஓடுற மின்சாரம் எல்லாம் அது பாக்குது. பரீட்சையன்னிக்கு நீ திரையை ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு அதையே எழுதிப்போடு. ஒரே ஒரு வார்த்தைதான கண்ணு."

"பாத்து எழுதக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"சரி, பாக்காத. மகிழ்ச்சின்னு மட்டும் எழுது."

அவள் தன் குறிப்பு நோட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நாளைக்கு ஆஸ்பத்திரியில ஒருத்தரு பயந்துட்டு உக்காந்திருப்பாருங்க. மெஷின் சிரிக்குதுன்னு நானும் சிரிச்சுட்டுப் போயிரட்டுங்களா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. பதினேழு வயதுப் பெண் இந்த வார்த்தை பேசினால் யாருக்குத்தான் வராது. "போய் உன்ற வேலையைப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். அனுப்பின பிறகும் கொதிப்பு அடங்கவில்லை. சரி, எனக்கு எவ்வளவு கோபம் என்று இதுவாவது சொல்லட்டும் என்று பட்டையை எடுத்து என் நெற்றியில் கட்டினேன்.

மகிழ்ச்சி, 84 சதவீதம்.

பட்டையைக் கழற்றி உதறிவிட்டு மறுபடியும் கட்டினேன். எண்பத்தாறு.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். நாச்சிமுத்து சார் அன்றைக்குக் காலையிலிருந்து கல்வி அதிகாரியின் ஃபோனுக்காகக் காத்திருந்தார். கழிப்பறைக் கதவு சம்பந்தமாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பாட்டரி பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் தலையில் பட்டையைக் கட்டினேன்.

"என்னங்க டீச்சர் காட்டுது?"

"மகிழ்ச்சி, எண்பத்தெட்டு."

"பரவால்லீங்களே. நான் கண்டபடி கவலைப்பட்டுட்டு இருக்கேன், உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருக்கேனாட்டம் இருக்குது" என்றார். பாவம், நிஜமாகவே கொஞ்சம் தெம்பாகிவிட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தன. சஷ்மிதாவைக் கூப்பிட்டேன். காலையில் திட்டியதெல்லாம் நடக்காததுபோல ஓடி வந்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருத்திக்குப் பட்டையைக் கட்டச் சொன்னேன். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, "உணர்ச்சி அடையாளம் தெரியவில்லை" என்றது.

சஷ்மிதா என்னைப் பார்த்தாள். "இது சிரிப்பையே பாத்ததில்லீங்களா டீச்சர்?"

சாயங்காலமே நிரஞ்சனாவை ஃபோனில் பிடித்தேன்.

"கண்ணு, ஒண்ணு கேக்கறேன். பயம்னா இன்னது, மகிழ்ச்சின்னா இன்னதுன்னு அந்த மெஷினுக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

"நம்ம பிள்ளைங்கதாங்க டீச்சர். வெளிநாட்டு ஆளுங்க பதிவை வச்சுப் பழக்கினா நம்ம பிள்ளைங்களுக்குச் சரிவராதுன்னு, நம்ம செய்முறைத் தேர்வுப் பதிவையே எடுத்துக்கிட்டோம். பத்து வருஷம், எல்லா மாவட்டமும். நாலு லட்சம் பதிவு. கிளிப் காட்டின நாடி ஒரு பக்கம், அந்தப் பிள்ளை எழுதின அகநோக்கு அறிக்கை இன்னொரு பக்கம். உடம்பு இப்படி இருந்தா மனசு இப்படின்னு அது கத்துக்கிச்சு. நெத்திப் பட்டை அப்புறமா சேத்தது, அதுவும் இந்தப் பாடத்துலதான் நிக்குது."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நிரஞ்சனா, நீ பிளஸ் டூ படிக்கையில அகநோக்கு அறிக்கையில என்ன எழுதினே?"

அந்தப் பக்கம் அவள் அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீங்க போர்டுல எழுதிப்போட்டதைத்தாங்க டீச்சர்."

"அப்பறம் எப்படிம்மா அதை வச்சுப் பழக்கினே?"

"நம்ம பள்ளிக்கூடத்துல மட்டுந்தான் அப்படின்னு நெனச்சேங்க. நாலு லட்சத்துல ஒரு பள்ளிக்கூடம் எம்மாத்திரம், கரைஞ்சு போயிரும்னு விட்டுட்டேன். குழுவுல இன்னும் ஆறு பேரு இருந்தாங்க. அவங்களும் அவங்கவங்க பள்ளிக்கூடத்தைப் பத்தி அப்படித்தான் நெனச்சிருப்பாங்களோ என்னமோ." அவள் குரல் உடைந்தது. "உங்க பேரு வெளிய வந்துரக் கூடாதுன்னும் இருந்துச்சுங்க."

ஆக, பரீட்சை அறையில் வெடவெடத்துக்கொண்டு உட்கார்ந்த நாலு லட்சம் பிள்ளைகளின் பயத்துக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து மகிழ்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். மெஷின் நல்ல மாணவி. எழுதிப்போட்டதை அப்படியே பிடித்துக்கொண்டது.

"இப்ப சஷ்மிதாவுக்கு என்ன வழி?"

"மார்க் தானா ஏறிரும், நான் தொட முடியாது. ஆனா அகமானிச் செயலியில மறுப்புக் குறிப்புன்னு ஒரு படிவம் இருக்குதுங்க. பாட ஆசிரியர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும், வெளித்தேர்வாளரும் ஒத்துக்கணும். அப்ப மெஷினை ஒதுக்கிட்டு அவர் நேர்ல கேட்டு மார்க் போடலாம். ஆனா டீச்சர், காரணம்னு நீங்க இதை எழுதினா, பத்து வருஷமா பொய் அறிக்கை எழுத வச்சேன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. வேலைக்கே ஆபத்து."

"தெரியுது வையி" என்று வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் எனக்குள் பெரிய பட்டிமன்றமே நடந்தது. ஒரு பிள்ளைதானே, அடுத்த வருடம் மறுபடி எழுதிக்கொள்வாள் என்று ஒரு பக்கம். கோவைக்காரர்கள் அவளுக்காக இடத்தை ஒரு வருடம் காலியாக வைத்திருப்பார்களா என்று இன்னொரு பக்கம். அவள் பாட்டுக்கு மகிழ்ச்சி என்று எழுதித் தொலைத்தால் எல்லோருக்கும் நல்லது என்று அவள்மேலேயே எரிச்சலும் வந்தது. பயந்தேன் என்பதுதான் உண்மை. அதை அப்போது ஒத்துக்கொள்ளவில்லை.

பொதுத்தேர்வு நாளும் வந்தது. வெளித்தேர்வாளர் அப்துல் ரவூஃப் சார், கரூர்க்காரர், மெலிந்த உடம்பு, பேசுவதற்கு முன் ஒருமுறை தொண்டையைக் கனைப்பார். சஷ்மிதாவின் முறை வரும்வரை நான் வழக்கம்போல மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தேன். அவள் எழுதிக் கொடுத்தாள். பயம். திரை சொன்னது: மகிழ்ச்சி, 93. அடியில் சிவப்பு எழுத்தில் "தேர்ச்சி இல்லை" என்று வந்து நின்றது.

சஷ்மிதா அழவில்லை. தலையைக் குனிந்து ஸ்டூலை உள்ளே தள்ளிவிட்டு, இலக்கியாவின் நெற்றியிலிருந்து பட்டையை மெதுவாக அவிழ்த்தாள். பட்டை அழுத்தியிருந்த இடத்தைத் தன் தாவணி நுனியால் ஒற்றிவிட்டாள். தன் படிப்பே கைவிட்டுப் போகிற நேரத்திலும் இவள் அடுத்தவள் நெற்றியைத் துடைக்கிறாளே. அதற்கு மேல் சும்மா நிற்க முடியவில்லை.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்று ரவூஃப் சாரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கரும்பலகை, மூன்று வரி, நாலு லட்சம் பதிவு.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கனைத்தார். "நீங்க மூணு வரி போடுவீங்களா மேடம்? நான் ரெண்டுதான். 'சோதனை ஆர்வமூட்டுவதாக இருந்தது. மனநிறைவு அடைந்தேன்.'"

"மனநிறைவா?"

"ஆமா. எனக்கு அந்த வார்த்தை பிடிக்கும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்துவிட்டது, வெட்கங்கெட்ட சிரிப்பு. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து திரையில் எழுதும் பேனாவை எடுத்தார். "படிவத்தைத் திறங்க. உங்களுக்கு மெமோ வந்தா எனக்கும் வரட்டும்."

உள்ளே வந்து படிவத்தைத் திறந்தேன். மாணவி கண்ட உணர்ச்சி, கருவி காட்டிய உணர்ச்சி, மறுப்புக்கான காரணம். காரணத்தை மடமடவென்று அடித்தேன். பத்து வருடமாக என் பிள்ளைகள் அறிக்கையை நான் சொல்லித்தான் எழுதினார்கள், அதைப் படித்த கருவிக்குப் பயம் எது என்று தெரிய வழியில்லை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. தியாகி என்று என்னை நானே கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரவூஃப் சார் குனிந்து பார்த்தார். "கீழ இன்னொரு கட்டம் இருக்கு மேடம். உணர்ச்சிக்கான காரணம். பயந்தாங்கன்னா எதுக்குப் பயந்தாங்கன்னு வேணும்."

"சஷ்மிதா, சொல்லு கண்ணு. இவ எதுக்குப் பயந்தா?"

சஷ்மிதா என்னைப் பார்க்கவில்லை. "தெரியலீங்க டீச்சர்" என்று மேசையிடம் சொன்னாள். அவள் பொய் சொல்லி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரவூஃப் சார் இலக்கியா பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. பரீட்சைன்னு பயமா? நட்சத்திரம் வரலைன்னா?"

அந்தப் பெண் பாவாடைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது. "நட்சத்திரம் நல்லாத்தானுங்க சார் இருந்துச்சு. வீட்டுல கண்ணாடி வச்சு வரைஞ்சு பாத்தேன், நல்லா வந்துச்சு. இங்க..." என் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "டீச்சர் பின்னாடி வந்து நிப்பாங்க. தப்பாச்சுன்னா 'ப்ச்'னும்பாங்க. அதுதாங்க."

அறையில் இன்னும் பதினெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்திகூட இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரும் தரையையே பார்த்தார்கள்.

எனக்கு முகம் சுண்டிப்போனது. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நேரம் மெஷின்மேலும் குழுமேலும் பழியைப் போட்டுக்கொண்டு நின்றேனே. நான் பிள்ளைகளை அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை, அதனால் என்னை நல்ல டீச்சர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு நான் பயத்தையும் கொடுத்து, அதற்கு மகிழ்ச்சி என்று பெயரும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"மேடம், வேணும்னா 'தேர்வுச் சூழல்'னு போட்டுக்கலாம்" என்று ரவூஃப் சார் மெதுவாகச் சொன்னார். நல்ல மனுஷன்.

"வேண்டாங்க சார்" என்றேன். கட்டத்தில் என் பெயரைப் போட்டே அடித்தேன்: "ஆசிரியர் கோகிலவாணி பின்னால் நின்றது." கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். சிவப்பு எழுத்து மறைந்து, "நேர்முக மதிப்பீடு" என்று வந்தது. அவர் சஷ்மிதாவை உட்கார வைத்துக் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். நான் வராந்தாவில் நின்றேன். யார் பின்னாலும் நிற்கப் பிடிக்கவில்லை.

சஷ்மிதா தேறினாள். முப்பதுக்கு இருபத்தொன்று. படம் கோணல் என்று நாலு மதிப்பெண்ணைப் பிடித்துவிட்டார் ரவூஃப் சார், அது நியாயந்தான். கோவைக்குக் கிளம்பும் முன் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு மெமோ வந்தது. சென்னைக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்குள் விஷயம் பரவி, ஊர் ஊராக உளவியல் டீச்சர்கள் ஃபோன் போட்டுத் திட்டினார்கள். எங்க எல்லாருடைய பிழைப்பிலும் மண்ணைப் போட்டுட்டீங்களே என்றார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களில் ஒருத்தி மறுபடி கூப்பிட்டு, "நான் நாலு வரி எழுதிப்போடுவேங்க" என்றாள். தானும் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். மே மாதம் முடிவதற்குள் நிரஞ்சனாவின் மேசையில் தொள்ளாயிரம் கடிதங்கள். அத்தனை பேரையும் வேலையை விட்டு அனுப்பினால் மாநிலத்தில் உளவியல் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. எச்சரிக்கையோடு விட்டார்கள். அகமானியை மார்க் போடும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது தப்பாகக் கற்றுக்கொண்ட கதையையே பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமாகப் போட்டாள் நிரஞ்சனா. இனி அகநோக்கு அறிக்கையை உட்கார்ந்தவரே எழுதுவார், அவர் சம்மதித்தால்தான் மற்றவர் படிக்கலாம்.

செய்முறைக் கையேட்டையும் அவளே திருத்தினாள். முதல் சோதனை என்ன தெரியுமா? மாணவி நடத்த வேண்டும், ஆசிரியர் உட்கார வேண்டும். எழுதிப்போட்ட காலத்துக்கெல்லாம் சேர்த்து வட்டியோடு பழி வாங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரம். இலக்கியா இப்போது பிளஸ் டூ. கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, என் கையை மறைப்புப் பலகைக்கு அடியில் விட்டு, பென்சிலைக் கொடுத்தாள். இருபத்தேழு வருடம் சொல்லிக்கொடுத்த சோதனை. ஒரு தடவைகூட நான் உட்கார்ந்ததில்லை. மேலே போக நினைத்தால் கை கீழே போனது. மூலையில் திரும்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. சுற்றிலும் பிள்ளைகள். கழுத்தில் வியர்த்தது. பதினோரு தப்பு. இலக்கியா ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் கோடு போட்டு எண்ணிக்கொண்டாள்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தாள். மேலே அகநோக்கு அறிக்கை என்று மட்டும் அச்சாகியிருந்தது.

பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். என்னமோ எழுத வேண்டும். மனதில் இருப்பது என்னவென்று சொல்ல எனக்கே வார்த்தை வரவில்லை. உளவியல் டீச்சர், தன் மனதைப் பற்றி நாலு வரி எழுதத் தெரியாமல் முழிக்கிறேன். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

"அவசரமில்லீங்க டீச்சர்" என்றாள் இலக்கியா. "இருக்கறதை எழுதுங்க, போதும்."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் தூக்கி நாலடி தள்ளிப் போட்டாள். மற்ற பிள்ளைகளையும் கையைக் காட்டித் திரும்பி உட்காரச் சொன்னாள். பிறகு அவளும் எனக்கு முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

நான் எழுத ஆரம்பித்தேன்.